வீட்டோடு படுத்திருப்பவர்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆபீஸ், மாற்றுத்திறனாளி அலுவலகம், தொண்டு நிறுவனம் எல்லாம் ஒரே பட்டியலில் வேலை செய்ய என்ன வழி?

#1 மலையடிவாரம்

வட்டாரத்தில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் (தீராத நோயில் வலியையும் சிரமத்தையும் குறைப்பவர்), ஒரு இயன்முறை சிகிச்சையாளர். ஒரு தாலுகா ஆபீஸ். ஒரு வண்டியும் இரண்டு ஊழியர்களும் உள்ள தொண்டு நிறுவனம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மாவட்டத் தலைநகரில், 40 கி.மீ. தள்ளி. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது, நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவோம் என்று ஒரு தரப்பு, வாட்ஸ்அப் குழு போதும் என்று இன்னொரு தரப்பு. எங்கிருந்து தொடங்குவது? ஒத்துழைப்பு அவசியம் என்ற அளவில் நிறுத்தாமல் படிவம், தேதி, ஆள் கணக்கு வரை இறங்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 துணைசுகாதாரம்

ஒப்பந்தத்தையும் குழுவையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முதலில் பட்டியல்.

நான்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம், நான்கும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன. வருவாய்த் துறையிடம் இருப்பது உதவித்தொகை வாங்குகிறவர்கள். மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கியவர்கள். செவிலியரிடம் இருப்பது புண்ணுக்குக் கட்டோ சிறுநீர்க் குழாயோ மாற்ற வேண்டியவர்கள். தொண்டு நிறுவனத்திடம் இருப்பது வந்து கேட்டவர்கள். பக்கவாதம் வந்து மூன்று வாரமே ஆன, அட்டையும் பென்ஷனும் இல்லாத 52 வயதுக்காரர் இந்த நான்கிலும் இருக்கமாட்டார். இயன்முறை சிகிச்சையால் அதிகம் தேறக்கூடியவரும் அவர்தான், ஏனென்றால் முதல் சில மாதங்களில் கிடைக்கும் முன்னேற்றம் பிறகு அவ்வளவு எளிதில் வராது.

அதனால் 'படுத்த படுக்கை' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு அர்த்தம் அதற்கு. மாத்திரை கொண்டுபோகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "துணையில்லாம கக்கூஸ் போயிட்டு வர முடியுதா?" முடியுது, பிடிச்சுக்கிட்டா முடியும், முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் பட்டியலுக்குள் வரட்டும். நோயின் பெயர், குறைபாட்டின் சதவீதம் எல்லாம் செவிலியர் போய்ப் பார்த்தபின் எழுதிக்கொள்ளலாம்.

பெயரை வைத்துப் பட்டியல்களை இணைக்க முயலாதீர்கள். ஒரே ஆள் ஒன்றில் முனியம்மாள், இன்னொன்றில் முனியம்மா, மூன்றாவதில் கணவர் பெயரோடு இருப்பார். குடும்ப அட்டை எண்ணை வைத்து இணையுங்கள். ஆதார் எண்ணைப் பட்டியலில் சுற்றவிடவே கூடாது. அதோடு குக்கிராமமும் வீட்டுக்கு அடையாளமும் வேண்டும், கதவு எண்ணை நம்பி ஊருக்குள் யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. கவனித்துக்கொள்பவர் யார், அவர் வேலைக்குப் போகும் நேரம் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். பகல் 11 மணிக்குப் போய் நூறுநாள் வேலைக்குப் போன மருமகளைத் தேடுவதில் பாதி நடை வீணாகிறது.

பட்டியலில் கடைசி இரண்டு நெடுவரிசைகள்தான் முக்கியம். 'யாரிடம் அனுப்பினோம், எந்தத் தேதி' என்பது ஒன்று. 'பதில் வந்த தேதி' என்பது மற்றது. எல்லாப் பட்டியலிலும் முதலாவது இருக்கும். இரண்டாவது இருக்கும் பட்டியலைப் பார்ப்பது அபூர்வம்.

#3 மனுப்பெட்டி

வருவாய்த் துறைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

தாலுகா ஆபீஸில் நீங்கள் பார்க்க வேண்டியவர் வட்டாட்சியர் அல்ல, சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர். முதியோர் உதவித்தொகை அவர் மேசை. 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாய். மாற்றுத்திறனாளி நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். இங்கேதான் நல்லெண்ணம் தடுக்கி விழுகிறது. பக்கவாதத்தில் விழுந்த 64 வயது ஆளுக்கு யாரோ அவசரமாக முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவையில் பதிந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அட்டை வந்து 2,000 ரூபாய்க்கு மனு போட்டால், ஏற்கெனவே வாங்குகிறார் என்று நிற்கும். பழையதை ரத்து செய்து, ரத்தான விவரம் இன்னொரு துறைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டும் இல்லாத மாதங்கள் வரும்.

எனவே பட்டியலில் 'எந்தத் தொகைக்குத் தகுதி' என்று ஒரு நெடுவரிசை போட்டு, மனு போடும் முன் இரண்டு அலுவலகமும் அதைப் பார்த்துவிட வேண்டும். கடும் பாதிப்பு என்ற வகையில் பராமரிப்பு உதவித்தொகைக்குச் சான்றிதழில் 75 சதவீதக் குறைபாடு வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, தண்டுவடக் காயம், பார்க்கின்சன் போன்றவற்றுக்கு 40 சதவீதமே போதும். சான்றிதழில் வகை தவறாக எழுதப்பட்டால் ஆள் அப்படியே வெளியே நின்றுவிடுவார். தண்டுவடக் காயத்தை வெறும் 'கை கால் இயக்கக் குறைபாடு, 60' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மருத்துவர் எழுதும் ஒரு வரியும் நலத் துறையின் ஒரு விதியும் மோதுகிற இடம் இது. இரு துறைக்காரர்களும் ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பணம் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆதார் வழியே வரும் தொகை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில் விழும். வீட்டில் பாஸ்புக் ஒன்று இருக்கும், பணம் வேறொரு கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். 'வரலை' என்று மனு எழுதும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

#4 நெல்மணி

மனுப்பெட்டி ஐயா, அட்டை வாங்குவதே பெரும்பாடாக இருக்கிறதே. எழுந்து உட்காரவே முடியாதவரை ஜி.எச். மருத்துவக் குழுவுக்கு எப்படிக் கொண்டுபோவது? 108-ஐக் கூப்பிட்டால் வருவார்களா?

#5 மனுப்பெட்டி

108 அவசரத்துக்கு. அட்டை வாங்க வராது, கேட்கவும் கூடாது.

வண்டி பேசுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உட்கார்ந்து வரக்கூடியவர்கள் நான்கைந்து பேரை ஒரு நடையில் ஏற்றலாம். படுத்து வருபவர் வண்டிக்கு ஒருவர்தான். 20 பேர் படுத்தபடி என்றால் 20 நடை, போக வர 80 கி.மீ. வீதம் 1,600 கி.மீ. அந்த டீசல் காசுக்கு மருத்துவரை இங்கே கூட்டி வந்துவிடலாம்.

அதற்கு யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. ஜி.எச். வேறொரு இயக்ககம், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், அதற்கு மாவட்டத்தில் இணை இயக்குநர் தனி. உங்கள் வட்டார மருத்துவ அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஜி.எச். எலும்பு மருத்துவரை முகாமுக்கு வா என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 'ஹெல்த்' என்றால் ஒரே துறை. உள்ளே இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. கடிதம் இணை இயக்குநருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் சேர்ந்து போக வேண்டும், நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கு. கூடவே பெயர், குக்கிராமம், ஏற்கெனவே உள்ள மருத்துவ ஆவணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்கப் பட்டியல். 'சுமார் 20 பேர்' என்று எழுதினால் முகாம் தேதி வராது. பெயரோடு 20 வரி இருந்தால் வரும்.

முகாமுக்கு முதல் நாள் சரிபார்க்க வேண்டியவை: ஆதாரில் உள்ள பெயரும் குடும்ப அட்டைப் பெயரும் ஒன்றா, புகைப்படம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை. ஸ்கேனைத் தொலைத்த வீடுகள் நிறைய இருக்கும். சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் உள்நோயாளி எண்ணைச் சொல்லி நகல் வாங்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன். 2024-ல் வந்த புதிய விதிப்படி அட்டைக்கு நிறம் உண்டு: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். மாநில உதவித்தொகைக்கான எல்லை 75. அதனால் 76 சதவீதக்காரரிடம் மஞ்சள் அட்டைதான் இருக்கும். 'நீல அட்டை இல்லை, கிடைக்காது' என்று முகப்பில் யாராவது சொன்னால் நிறத்தை விட்டுவிட்டு சான்றிதழில் உள்ள எண்ணைக் காட்டுங்கள்.

#6 துணைசுகாதாரம்

இப்போது ஆள் கணக்கு. இதைப் போடாமல் கூட்டாளிகளைக் கூட்டினால் எல்லாரும் செவிலியரின் தலையில் வேலையை வைத்துவிட்டுப் போவார்கள்.

செவிலியருக்கு மாதம் 20 வேலை நாள் என்று வையுங்கள். வாரம் ஒரு நாள் அறிக்கை, கூட்டம், மருந்து வாங்குவது என்று போய்விடும். மீதி 16 நாள். மலையடிவாரத்தில் வீடுகள் தூரம், ஒரு நாளைக்கு ஆறு வீடுதான் ஒழுங்காகப் பார்க்க முடியும். புண்ணுக்குக் கட்டு மாற்றும் வீட்டில் மட்டுமே முக்கால் மணி நேரம் ஆகும். ஆக 96 நடை.

புண், குழாய், கட்டுக்கடங்காத வலி உள்ளவர்கள் 12 பேர், வாரம் ஒருமுறை: 48 நடை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 பேர்: 30. மாதம் ஒருமுறை 18 பேர்: 18. கூட்டினால் 96, ஆள் 45 பேர்தான். பட்டியலில் 140 பேர் இருந்தால் மீதி 95 பேரை யார் பார்ப்பது? வாட்ஸ்அப் குழுவில் இதற்குப் பதில் வராது.

95 பேரில் பெரும்பாலோருக்கு மாதம் ஒருமுறை செவிலியர் வர வேண்டிய அவசியம் இல்லை. தோல் சிவந்திருக்கிறதா, சாப்பிடுகிறாரா, வீட்டுக்காரி தூங்குகிறாளா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். தன்னார்வலர் எப்படியும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையோடு அந்தத் தெருவுக்கு வருகிறார். அவருக்கு மூன்று கேள்வி போதும். இடுப்பிலோ குதிகாலிலோ அழுத்தி எடுத்தபின்னும் போகாத சிவப்பு, இரண்டு நாளாக மலம் இல்லை, சிறுநீர்ப் பையில் ரத்தமோ கலங்கலோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே செவிலியருக்கு போன். சிவப்பாக இருக்கும்போதே பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவதிலேயே அடங்கும். தோல் உடைந்தபின் பிடித்தால் மாதக்கணக்கில் கட்டு.

#7 கடலோரம்

கேரளத்தில் இதைப் பஞ்சாயத்தின் தலையில் வைத்தார்கள், அதனால்தான் அங்கே நின்றது என்பது என் கருத்து. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண கிளினிக்காகத் தொடங்கி, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்து வலையமைப்பாக விரிந்து, 2008-ல் மாநிலக் கொள்கையாகவே வந்தது. ஊராட்சி பணம் போடுகிறது, சமூகச் செவிலியர் போகிறார், கூடவே ஊர்த் தன்னார்வலர். தன்னார்வலருக்குத் தகுதி என்று அவர்கள் கேட்டது வாரம் இரண்டு மணி நேரம். பயிற்சி 16 மணி நேர வகுப்பு, அதன் பிறகு நான்கு நாள் மூத்தவர்களோடு வீடு வீடாக. நம்மிடம் எல்லாம் துறை வழியாக மேலிருந்து வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வரைக்கும் வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

#8 துணைசுகாதாரம்

கடலோரம் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி, அங்கே ஊராட்சிக்கு இருக்கும் பணமும் அதிகாரமும் இங்கே கிடையாது. அதை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் ஊராட்சித் தலைவர் சக்கர நாற்காலி கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வதில் முடியும். இங்கே எடுத்துக்கொள்ளக்கூடியது பயிற்சி முறை. நான்கு நாள் வீட்டு நடை இல்லாமல் யாரையும் தனியாக அனுப்பாதீர்கள்.

ஊர்ப் பணம் என்று எடுத்தால் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் பஞ்சு, கையுறை, உப்பு, ஒரு வீட்டுக்கு இரண்டு ரப்பர் ஷீட் என்று வாங்க அதுவே போதும். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பொருள், அளவு, எந்த வீட்டுக்கு என்று எழுதாமல் வாங்கினால் தணிக்கையில் வந்து நிற்கும்.

#9 மாத்திரைச்சீட்டு

வலி மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபின் மார்ஃபின், ஃபென்டனைல், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய' வகையில் வந்தன. முன்புபோல நான்கைந்து உரிமம் தேவையில்லை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமிருந்து. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும். இருப்பு, வழங்கியது, மீதி மூன்றும் 3எச் படிவத்தில் தினசரி.

கூட்டணியில் இதன் அர்த்தம் என்ன? அங்கீகாரம் இல்லாத தொண்டு நிறுவனம் ஒரு மாத்திரையைக்கூட அலமாரியில் வைக்கக் கூடாது. வண்டியும் ஆளும் அவர்களுடையதாக இருக்கலாம். மருந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து, நோயாளியின் பெயரில் எழுதிய சீட்டோடு, வீட்டார் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் மீதி மாத்திரையை எண்ணித் திருப்பி வாங்குவது யார் வேலை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். துக்க வீட்டில் நான்காம் நாள் போய்க் கேட்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்டாக வேண்டும்.

வீட்டில் மருந்து தோற்பதற்கு இரண்டு காரணம் பார்க்கிறேன். ஒன்று, 'வலிக்கும்போது கொடுங்க' என்று சொல்லி அனுப்புவது. மார்ஃபின் மாத்திரை மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும் முன்பே போக வேண்டும். இரண்டு, மலமிளக்கி சேர்த்துக் கொடுக்காதது. மூன்று நாள் மலம் போகாவிட்டால் வீட்டார் மார்ஃபினைத்தான் நிறுத்துவார்கள், நியாயமும் அதுதான். இரண்டும் ஒரே சீட்டில் எழுதப்படாவிட்டால் அந்தச் சீட்டு முழுதல்ல என்று செவிலியர் திருப்பி அனுப்பலாம், தப்பில்லை.

#10 மலையடிவாரம்

நல்ல விவரங்கள், எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப் குழுவை யாரும் ஆதரிக்கவில்லை போலிருக்கிறதே? இங்கே கிராம சுகாதார செவிலியர்கள் எல்லாரும் அதில்தான் வேலை செய்கிறார்கள்.

#11 மனுப்பெட்டி

நாள் சொல்ல, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்க வாட்ஸ்அப் போதும். நோயாளியின் பெயரும் புண்ணின் படமும் அதில் வரவே கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டில் வந்த மனநலச் சட்டமும் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. 60 பேர் உள்ள குழுவில் 'அந்த வீட்டில் மாத்திரை எடுக்கிறவர்' என்று ஒரு வரி போட்டால் மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். பட்டியலில் உள்ள வரிசை எண்ணை மட்டும் எழுதுங்கள்: '37-க்கு கட்டு, வியாழன்'. போதும்.

சம்மதப் படிவம் ஒரு பக்கம், தமிழில், மூன்று கட்டம்: சுகாதாரத் துறைக்குச் சொல்லலாம், உதவித்தொகை அலுவலகத்துக்குச் சொல்லலாம், தொண்டு நிறுவனத்துக்குச் சொல்லலாம். மூன்றையும் ஒரே கையெழுத்தில் வாங்காதீர்கள். நோயைத் தாலுகா ஆபீஸுக்குச் சொல்ல விரும்பாதவர், பென்ஷன் விவரத்தைச் சொல்ல விரும்புவார்.

#12 துணைசுகாதாரம்

அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. புண்ணின் படம் கூடவே கூடாது என்றால் மருத்துவர் 18 கி.மீ. வர வேண்டும். முகம் தெரியாமல், அளவுகோலோ ஒரு ரூபாய்க் காசோ பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைச் செவிலியர் மருத்துவருக்கு மட்டும் அனுப்பலாம், குழுவுக்கு அல்ல. சம்மதம் வாங்கிக்கொண்டு, அன்றே போனிலிருந்து அழித்துவிட வேண்டும். புண் பெரிதாகிறதா சுருங்குகிறதா என்று வாய்ச்சொல்லில் தெரியாது.

#13 மனுப்பெட்டி

அது சரி. சம்மதப் படிவத்தில் நாலாவது கட்டமாகச் சேர்த்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். துறைகளுக்கு இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒன்று தேவையில்லை. தொண்டு நிறுவனத்தோடு மட்டும் ஒரு பக்கம் போதும். துறைகளுக்கு வேண்டியது ஆட்சியரின் செயல்முறை ஆணை. ந.க. எண்ணோடு (கோப்பு எண்), யார் கூட்ட வேண்டும், எந்த நாள், எந்த இடம், யார் கட்டாயம் வர வேண்டும் என்று இருக்க வேண்டும். பெயர் எழுதாமல் பதவியை எழுதுங்கள். அலுவலர் மாறியதும் கூட்டம் நின்றுபோவது, ஆணையில் அவர் பெயர் இருந்ததால்தான். வர முடியாவிட்டால் மாற்றாக யார் என்பதும் அதே வரியில் வரட்டும். மாற்றாள் வந்தால் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு வர வேண்டும். 'மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன்' என்று சொல்ல ஒரு எழுத்தரை அனுப்புவதும் அனுப்பாததும் ஒன்றுதான்.

கூட்டம் மாதம் ஒருமுறை, 50 நிமிடம். முதல் 40 நிமிடத்தில் பதில் வராத வரிகள் மட்டும் படிக்கப்படும், பழையது முதலில். புதிய பெயர்கள் கடைசி 10 நிமிடத்தில். இதைத் தலைகீழாக நடத்தினால் புதியவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசி முடிவதற்குள் நேரம் போய்விடும், போன வருட மனு அப்படியே கிடக்கும். திங்கட்கிழமை வேண்டாம், அது மக்கள் குறைதீர் நாள், வருவாய்த் துறையில் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

தொண்டு நிறுவனத்தின் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியது: வாரம் எத்தனை நாள் வண்டி, டீசல் யார், ஓட்டுநர் பேட்டா யார், வண்டி பழுதானால் என்ன, எந்தத் தேதி வரை. நிறுத்துவதாக இருந்தால் 60 நாள் முன்னறிவிப்பு. திட்ட நிதி மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் வண்டி வராமல் போவது வழக்கமான கதை. அந்த 60 நாளில்தான் குழாய் உள்ளவர்களை வேறு ஏற்பாட்டுக்கு மாற்ற முடியும். இன்னொன்று, வெள்ளை போர்டு வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டாரிடம் 'டீசலுக்கு' என்று 200 ரூபாய் வாங்கினாலும் அது வாடகை ஓட்டம்தான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

#14 நெல்மணி

கட்டில், காற்று மெத்தை, வாக்கர் எல்லாம் இரவல் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அதை எந்த அலுவலகம் வைத்துக்கொள்வது?

#15 துணைசுகாதாரம்

அரசு அலுவலகத்தில் வைக்காதீர்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் உடைந்த வாக்கரைக் கழிக்கவே மூன்று கையெழுத்து வேண்டும். தொண்டு நிறுவனமோ மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்போ வைத்துக்கொள்ளட்டும், யாருக்குப் போக வேண்டும் என்பதைச் செவிலியர் சொல்லட்டும்.

காற்று மெத்தையில் தவறுகிற இடங்கள் தெரிந்தவைதான். பம்பு ஓட மின்சாரம் வேண்டும், இரவில் சத்தம் என்று வீட்டார் அணைத்துவிடுவார்கள். அணைத்த மெத்தையால் பயனில்லை, ஓடும் மெத்தையிலும் மேலே போட்ட மூன்று போர்வை பயனைக் குறைத்துவிடும். கொடுக்கும்போதே ஒரே ஒரு பருத்தித் துணி என்று காட்டிக் கொடுங்கள். கையைக் கீழே விட்டு இடுப்புக்கும் தரைக்கும் இடையில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். மெத்தை வந்துவிட்டது, இனி புரட்ட வேண்டாம் என்று நினைப்பார்கள். புரட்டத்தான் வேண்டும்.

திரும்பி வந்த பொருளைக் கழுவ, லிட்டருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து தெளிந்த நீர். பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் துடைக்காவிட்டால் கட்டில் கால் துருப்பிடிக்கும். வாடகை வேண்டாம், திருப்பித் தரும் முன்பணம் 300 ரூபாய் வாங்குங்கள். இல்லாத வீட்டில் அதுவும் வேண்டாம், தன்னார்வலர் கையெழுத்துப் போதும்.

சிறுநீர்க் குழாயும் இதே போலத்தான். சாதாரண ரப்பர் வகையை இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்ற வேண்டும், சிலிக்கான் 12 வாரம் வரை தாங்கும். மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் இருப்பில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மீதியை மட்டும் தொண்டு நிறுவனத்திடம் கேளுங்கள். 18 குழாய் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தால் நடை 18. சிலிக்கான் என்றால் மாதம் ஆறு. குழாய் விலை கூடினாலும் மிச்சமாகும் 12 நடையில் இரண்டு நாள் செவிலியர் நேரம் இருக்கிறது. நன்கொடை தருகிறவர்களிடம் டயாப்பர் கேட்பதற்குப் பதில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

#16 கடலோரம்

கவனிக்க ஆளே இல்லாத வீடுகளுக்கு என்ன ஏற்பாடு? மகன் இருக்கிறான், வருவதில்லை. செவிலியர் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனால் அடுத்த கட்டு வரை தண்ணீர் தர ஆள் கிடையாது.

#17 மனுப்பெட்டி

அதற்கு மாவட்ட சமூக நல அலுவலர் வந்தாக வேண்டும், அவரைக் கூட்டாளிகளில் சேர்க்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். முதலில் சமரசம் பேசிப் பார்க்கவும் வழி இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நோட்டீஸ் போனதே போதுமானதாக இருக்கும். 14567 முதியோர் உதவி எண்ணில் தகவல் சொன்னால் பதிவு எண் கிடைக்கும், பட்டியலில் அதையும் எழுதுங்கள்.

ஆனால் செவிலியரையோ தன்னார்வலரையோ மனுதாரராக்காதீர்கள். மறுநாள் அதே வீட்டுக்குள் அவர்கள் நுழைய வேண்டும். மனுவை முதியவர் சார்பில் தொண்டு நிறுவனம் போடலாம், சட்டம் இடம் தருகிறது.

#18 மலையடிவாரம்

அடுத்த மாதம் இரண்டாம் வியாழன், 11 மணி, வட்டார மருத்துவ அலுவலர் அறை என்று கேட்டுக் கடிதம் தயார் செய்கிறேன். பட்டியலை யார் கையில் வைத்திருப்பது, ஒருவர் இறந்தால் யார் அடிப்பது என்பது மட்டும் பாக்கி.

#19 துணைசுகாதாரம்

மூலப் பட்டியல் நோய் ஆதரவுச் செவிலியரிடம், நீண்ட நோட்டில், பேனாவால். கணினிப் பிரதி வட்டாரத் தரவு உள்ளீட்டாளரிடம், கடவுச்சொல்லோடு. இறப்பைத் தன்னார்வலர் அன்றே செவிலியருக்குச் சொல்ல வேண்டும், செவிலியர் சிவப்பு மையில் தேதி போட்டு அடிப்பார். மூன்று இடத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும்: மார்ஃபின் கொடுத்த ஆஸ்பத்திரி, மெத்தை கொடுத்த நிறுவனம், உதவித்தொகை அலுவலகம். கடைசியானதை விட்டுவிட்டால் இறந்தவர் கணக்கில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் கழித்து அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அந்த வீட்டு அம்மாவுக்கு நோட்டீஸ் வரும். அப்போது அவருக்கு விதவை உதவித்தொகை மனு போட வேண்டியிருக்கும், இரண்டும் ஒரே மேசையில் சிக்கிக்கொள்ளும். அதனால் அந்த வரியை அடிக்கும் அதே நாளில், வீட்டில் மிஞ்சியிருப்பவர் பெயரில் புதிய வரி ஒன்று தொடங்குங்கள்.